அறைக்கு வெளியே சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவமனைகளைப் பற்றி உங்கள் கடிதப் பகுதியில் வருவதெல்லாம் பெரும்பாலும் காத்திருப்பு, கட்டணம், கட்டில் பற்றாக்குறை. நியாயமான குறைகள்தான். நான் எழுத வந்தது ஒரு கதவைப் பற்றியும் ஒரு ஸ்டூலைப் பற்றியும். கடிதம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். 31 வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். படிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் போட்டதே இல்லை. இப்போது நானே அப்படி எழுதினால் நன்றாக இருக்காது.

மூன்று வருடங்களுக்கு முன்பு என் கணவருக்கு இருமல் வந்தது, போகவே இல்லை. எக்ஸ்ரே, அப்புறம் ஸ்கேன், அப்புறம் பயாப்சி. பயாப்சி முடிவு வந்த அன்று காலை பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். பின்னால் நாலைந்து பேர். கட்டிலின் கால்மாட்டில் நின்றபடியே ஃபைலைப் புரட்டினார். "நைட்டு தூங்கினீங்களா?" என்று கேட்டார். இவர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் ஃபைலை மூடிவிட்டு என் பக்கம் திரும்பி, "அட்டெண்டர் கொஞ்சம் வெளியே வாங்க" என்றார்.

நோயாளியோடு கூட இருப்பவருக்கு மருத்துவமனையில் அட்டெண்டர் என்று பெயர். 34 வருடமாக மனைவி, அந்த ஒரு வாரமாக அட்டெண்டர். சரி, போனேன்.

வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, ஈரத்தில் நிற்காமல் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றோம். ஆக்சிஜன் சிலிண்டர் ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று வந்தது. அது கடந்து போகும்வரை டாக்டர் பேசாமல் நின்றார். அப்புறம் சொன்னார்: "நுரையீரல்ல கேன்சர்மா. நாலாவது ஸ்டேஜ். எலும்புக்கும் போயிருக்கு. கீமோ கொடுத்துப் பார்க்கலாம். அவர்கிட்ட இப்போதைக்கு ஒண்ணும் சொல்லிக்க வேண்டாம், மனசு விட்டுருவார்."

இதில் அவர் மேல் மட்டும் பழி போட்டால் நான் பொய் சொன்னவள் ஆவேன். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நானும் சொன்னேன்: "சொல்லாதீங்க டாக்டர், அவர் தாங்க மாட்டார்." யாரும் என்னை அப்படிச் சொல்ல வற்புறுத்தவில்லை. வாயில் அதுதான் வந்தது. அந்த இரண்டு நிமிடத்தில், கதவுக்கு அந்தப் பக்கம் சுயநினைவோடு உட்கார்ந்திருந்த 61 வயது மனிதரின் உடம்பைப் பற்றி, அவரைக் கேட்காமலே இரண்டு பேர் ஒரு ஒப்பந்தம் போட்டுவிட்டோம்.

உள்ளே போனதும், "என்ன சொன்னார்?" என்றார். "கொஞ்சம் இன்ஃபெக்‌ஷனாம். மருந்து கொடுத்தா சரியாயிடும்னார்." அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்பிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பரீட்சையில் பக்கத்துப் பேப்பரைப் பார்த்து எழுதும் பையன் கூட, டீச்சர் பார்க்கவில்லை என்று அப்படித்தான் நினைத்துக்கொள்வான்.

பதினோரு வாரம் அந்த நாடகம் ஓடியது. ஃபைலைத் துணி அலமாரியில் ஒளித்து வைத்தேன். சொந்தக்காரர்களோடு பேச வேண்டும் என்றால் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினேன். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே மடக்கி, என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று பாடம் எடுத்து உள்ளே அனுப்பினேன். இதில் பெரிய கூத்து என்னவென்றால், கீமோ கொடுக்கும் இடத்தின் வாசலில் 'புற்றுநோய்ப் பிரிவு' என்று ஒரு முழ உயரத்தில் எழுதிய பலகை. அதற்கு நேர் கீழேதான் நாற்காலி வரிசை. அங்கே உட்கார்ந்துகொண்டு நான் இன்ஃபெக்‌ஷன் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் நில அளவையில் வேலை பார்த்தவர். அரை அடி பிசகினாலும் சங்கிலியைத் திரும்பப் போடச் சொல்கிறவர். அவர் கண்ணிலா அந்தப் பலகை படாமல் போயிருக்கும்?

நடுவில் ஒரு நாள் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "கீமோவுக்கு நல்லா ரெஸ்பாண்ட் ஆகுது" என்று டாக்டர் சொன்னார். வராந்தாவில்தான். நான் அன்று பூரித்துப் போனேன். குணமாகிக்கொண்டு வருகிறது என்று என் அக்காவிடமும் மகனிடமும் சொன்னேன். கட்டி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், குணமாவது வேறு கதை என்று எனக்கு யாரும் பிரித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் விடை வந்துவிடுமே என்ற பயம் ஒரு பக்கம் இருந்திருக்க வேண்டும்.

பன்னிரண்டாவது வாரம் மூச்சுத்திணறல் அதிகமாகி மறுபடியும் சேர்த்தோம். அப்போது வந்தவர் வேறொரு டாக்டர், பேலியேட்டிவ் கேர் பிரிவிலிருந்து. வலி, மூச்சுத்திணறல், வாந்தி, பயம் இவற்றையெல்லாம் தணித்து, இருக்கும் நாளை இருக்கும்படி வைத்துக்கொள்ள உதவுகிறவர்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்று அந்தப் பெயரைக் கேட்டதும் 'கைவிட்டுட்டாங்க' என்று மட்டும்தான் காதில் விழுந்தது. தனியாக வந்தார் அந்த அம்மா. பழக்கதோஷத்தில் நான் எழுந்து கதவுப் பக்கம் போனேன். "எங்கேம்மா போறீங்க? உட்காருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவை அவரே சாத்தினார். கட்டில் ஓரமாக ஒரு ஸ்டூல் கிடந்தது. சேர்த்ததிலிருந்து அதன்மேல் எங்கள் பைதான் உட்கார்ந்திருந்தது. பையை எடுத்துக் கீழே வைத்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இப்போது அவருடைய கண் என் கணவரின் கண்ணுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பெயரைச் சொன்னார். (முதல் டாக்டரின் பெயரை நாங்கள் பில்லில்தான் படித்துத் தெரிந்துகொண்டோம்.)

அப்புறம் கேட்டார்: "உங்க உடம்பைப் பத்தி இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?"

இவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "சொன்னது இன்ஃபெக்‌ஷன். இருக்கிறது கேன்சர்" என்றார்.

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு சில்லிட்டுவிட்டது. அந்த டாக்டர் என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். "எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? சில பேருக்கு எல்லா விவரமும் வேணும். சில பேர் மேலோட்டமா போதும்பாங்க. சில பேர் வீட்டுல இருக்கவங்ககிட்ட சொல்லிடுங்க, எனக்கு வேண்டாம்பாங்க. உங்களுக்கு எப்படி?"

"நாள் கணக்கெல்லாம் வேண்டாம். மாடிப்படி ஏற முடியாமப் போயிடுமா, அதை மட்டும் சொல்லுங்க. போகும்னா கட்டிலைக் கீழே எறக்கணும்."

"போயிடும். சீக்கிரமே."

அதற்கப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. ஆறுதல் கிடையாது, 'தைரியமா இருங்க' கிடையாது, ஃபைலைப் புரட்டவும் இல்லை. எனக்குத்தான் தாங்கவில்லை, ஏதாவது சொல்லி அந்த இடைவெளியை அடைத்துவிட வேண்டும் போல இருந்தது. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது மனதுக்குள் எண்ணும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் எண்ணினேன். பன்னிரண்டு எண்ணியபோது என் கணவர் வாயைத் திறந்தார். "என் தம்பிகிட்ட பேசி ஆறு வருஷமாச்சு" என்றார்.

அந்த ஆறு வருடத்தில் தம்பி பெயரை அவர் எங்கள் வீட்டில் ஒரு முறை கூட எடுத்ததில்லை. மறுநாள் தம்பி வந்தார். அதற்கு மேல் அதை எழுதத் தேவையில்லை.

அன்று டாக்டர் போனபின் என் கணவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் கொடுத்தார். "இந்தா டீச்சரம்மா, ஒரு வரிசை இருக்கு, என்னன்னு கண்டுபிடி." தேதி, பக்கத்தில் ஒரு எண். 22, 22, 22, 20, 19, 19, 16, 14, 11. எங்கள் வீட்டு மாடிப்படி மொத்தம் 22. மூச்சு வாங்க நிற்காமல் எத்தனை படி ஏறினார் என்று தினமும் குறித்து வைத்திருக்கிறார். பொது வித்தியாசம் எதுவும் இல்லாத வரிசைதான். அது எங்கே போய் நிற்கும் என்று சொல்லக் கணக்கு டீச்சர் வேண்டியதில்லை.

"எப்போலேர்ந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"அன்னைக்கே. இன்ஃபெக்‌ஷன்னா என் எதிர்லயே சொல்லியிருப்பாரே? வெளியே கூப்பிட்டாரே உன்னை!"

"அப்புறம் ஏங்க என்கிட்ட சொல்லல?"

"நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன்."

ஆசிரியர் அவர்களே, இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். நோயாளியிடமிருந்து செய்தியை மறைக்க டாக்டர்கள் கதவுக்கு வெளியே போகிறார்கள். அவர்கள் வெளியே போவதே நோயாளிக்குச் செய்தியைச் சொல்லிவிடுகிறது. உள்ளே கிடப்பவருக்கு மிஞ்சுவது, தெரிந்ததைத் தெரியாததுபோல் நடிக்கும் வேலை. மூச்சு விடவே கஷ்டப்படும் மனிதருக்கு அதையும் சேர்த்துக் கொடுத்துவிட்டோம்.

அவர் போன பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். என்னிடம் படித்த மாணவி ஒருத்தி இப்போது டாக்டர். எனக்குப் புரியாத பகுதிகளை அவள்தான் விளக்கினாள். டாக்டர்கள் மறைப்பது ஏதோ நம் பக்கத்து வழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லை. அமெரிக்காவில் 1961-இல் டாக்டர்களிடம் ஒரு கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டபோது, பதில் சொன்னவர்களில் 90 சதவீதம் பேர் புற்றுநோய் என்று நோயாளியிடம் சொல்லாமல் இருப்பதையே விரும்பியிருக்கிறார்கள். அதே கேள்வித்தாளை 1979-இல் திரும்பவும் கொடுத்திருக்கிறார்கள். 97 சதவீதம் பேர் சொல்வதையே விரும்புவதாக எழுதினார்கள். நடுவில் 18 வருடம்தான். ஒரு தலைமுறை கூட இல்லை. 'எங்க ஆளுங்களால தாங்க முடியாது, இங்கெல்லாம் சரிப்படாது' என்று யாராவது சொன்னால், அங்கேயும் 1961-இல் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் வாய் திறந்து சொல்லிவிட்டால் மட்டும் வேலை முடிந்துவிடாது. முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்கும் குடல் புற்றுநோய்க்கும் கீமோ எடுத்துக்கொண்டிருந்த சுமார் 1,200 பேரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று 2012-இல் வெளிவந்தது. அந்தக் கட்டத்தில் கீமோவால் நோயை முழுக்கக் குணப்படுத்த முடியாது. நாளை நீட்டலாம், தொந்தரவைக் குறைக்கலாம். நுரையீரல் நோயாளிகளில் 69 சதவீதம் பேரும், குடல் நோயாளிகளில் 81 சதவீதம் பேரும் இதைப் புரிந்துகொண்டதாகத் தெரியவில்லை. இதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது வேறொன்று. எங்கள் டாக்டர் எங்களோடு ரொம்ப நன்றாகப் பேசுவார் என்று சொன்னவர்கள்தான் அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். இனிமையாகப் பேசுவதும் தெளிவாகப் பேசுவதும் ஒன்று என்று நாம் குழப்பிக்கொள்கிறோம். 'நல்லா ரெஸ்பாண்ட் ஆகுது' என்பதை நான் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டு நின்ற நாள் ஞாபகத்துக்கு வந்தது. என்னிடம் யாரும் வந்து கேட்டிருந்தால் நானும் அந்த டாக்டருக்கு நூற்றுக்கு நூறு போட்டிருப்பேன்.

டாக்டர்களுக்கே சரியாகத் தெரிவதில்லை என்பதும் உண்டு. சிகாகோ நகரத்தில், கடைசிக் கட்டத்தில் இருந்த 468 நோயாளிகளைப் பற்றி, இவர் எவ்வளவு நாள் இருப்பார் என்று அவர்களுடைய டாக்டர்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். 2000-இல் முடிவு வெளியானது. கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னது ஐந்தில் ஒரு பங்குதான். தவறியவர்களில் பெரும்பாலானவர்கள் அதிக நாள் சொல்லித் தவறினார்கள். நோயாளியோடு பழகிய காலம் கூடக்கூடக் கணிப்பு இன்னும் மோசமாகியிருக்கிறது. இதைப் படித்தபோது எங்கள் முதல் டாக்டர் மேல் இருந்த கோபம் பாதி குறைந்தது. ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு இவருக்குக் காய்ச்சல் என்றதும் வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர் அவர். கல்நெஞ்சக்காரர் இல்லை. பாசம் இருந்ததால்தான் சொல்ல முடியாமல் போயிருக்கும்.

எண்களைப் பற்றி இரண்டு வார்த்தை, என் பாடமாயிற்றே. 'எத்தனை மாசம் டாக்டர்?' என்று கேட்டு ஒரு எண்ணை வாங்கிக்கொண்டு வருகிறோம். எட்டு மாதம் என்றால் எட்டாவது மாதக் கடைசியைக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுகிறோம். இடைநிலை அளவு எட்டு மாதம் என்றால், பாதிப் பேர் அதற்குள், மீதிப் பாதிப் பேர் அதற்கு மேல். மேலே இருக்கும் பாதி எவ்வளவு தூரம் நீளும் என்று அந்த எண் சொல்வதே இல்லை. ஸ்டீபன் ஜே கூல்ட் என்ற பரிணாம உயிரியல் அறிஞருக்கு 1982-இல் வயிற்று உறையில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய் வந்தது. அந்த நோய்க்கு அன்றைக்கு இருந்த இடைநிலை அளவு எட்டு மாதம். அவர் இருபது வருடம் இருந்தார். 2002-இல் இறந்தது வேறொரு புற்றுநோயால். எல்லாருக்கும் அப்படி வாய்க்காது, என் கணவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் ஒற்றை எண்ணைக் கையில் கொடுத்து அனுப்புவதற்குப் பதிலாக, நன்றாகப் போனால் இப்படி, மோசமாகப் போனால் இப்படி, அநேகமாக இப்படி என்று மூன்றாகச் சொன்னால் கேட்பவருக்கு மனதில் ஒரு படம் கிடைக்கும். அந்தப் பேலியேட்டிவ் டாக்டர் என்னிடம் அப்படித்தான் சொன்னார், அதுவும் என் கணவரிடம் "இவங்களுக்குச் சொல்லலாமா?" என்று அனுமதி கேட்டுவிட்டு. வாரக்கணக்கிலா மாதக்கணக்கிலா என்று கேட்டேன். "வாரங்கள். ஒண்ணு ரெண்டு மாசம் ஆனா நான் சந்தோஷப்படுவேன்" என்றார். ஏழு வாரம் ஆனது.

அந்த டாக்டரை முதல் மாதமே ஏன் எங்களிடம் அனுப்பவில்லை என்பதுதான் இன்றுவரை என் ஆற்றாமை. பாஸ்டனில் முற்றிய நுரையீரல் புற்றுநோயோடு வந்த 151 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் கொடுத்தார்கள். மறுபாதிக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேரும் சேர்த்துக் கொடுத்தார்கள். இது 2010-இல் வந்த ஆய்வு. இரண்டாவது பாதியினர் மனச்சோர்வு குறைந்து, நல்லபடியாக இருந்தார்கள். கடைசி நாட்களில் கடும் சிகிச்சைகளும் அவர்களுக்குக் குறைவு. அப்படியும் அவர்களுடைய இடைநிலை ஆயுள் 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். 'கைவிட்டுட்டாங்க' என்று நான் பயந்த பிரிவு செய்கிற வேலை இது.

என் மாணவி சொல்லித்தான் தெரியும், கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது என்பதற்கு முறையான பயிற்சி இருக்கிறதாம். 2000-இல் புற்றுநோய் டாக்டர்களுக்காக ஆறு படிகளாக ஒரு முறை எழுதி வெளியிட்டார்கள். இடத்தைச் சரிபண்ணு, நோயாளிக்கு என்ன தெரியும் என்று கேள், எவ்வளவு தெரிய வேண்டும் என்று கேள், அப்புறம் சொல், அவர் மனநிலைக்கு இடம் கொடு, அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து முடிவு செய். சொல்வது நாலாவதாகத்தான் வருகிறது, கவனியுங்கள். முதல் மூன்று படியையும் தாண்டிக் குதித்து நாலாவதில் போய் நிற்கிறார்கள், அதுவும் வராந்தாவில், அதுவும் வேறொருவரிடம். வகுப்பில் இப்படி ஒரு கணக்குப் போட்டிருந்தால் நான் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

"நேரம் எங்கே டீச்சர்?" என்று அவளே கேட்டாள். நியாயமான கேள்வி. ஓ.பி.யில் வாசல் வரைக்கும் கூட்டம் நிற்கும். ஆனால் உட்கார்ந்து பேசினால் அதிக நேரம் ஆகும் என்பது அப்படியொன்றும் நிச்சயம் இல்லை. முதுகெலும்பு அறுவை செய்துகொண்டவர்களைப் பார்க்கப் போன ஒரு டாக்டர், சிலரிடம் நின்றுகொண்டும் சிலரிடம் உட்கார்ந்தும் பேசினார். உட்கார்ந்தபோது உண்மையில் ஆனது ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல். நின்றபோது ஆனது சுமார் ஒன்றரை நிமிடம். நோயாளிகளைக் கேட்டால், உட்கார்ந்து பேசியவர் ஐந்து நிமிடத்துக்கு மேல் இருந்தார் என்றார்கள், நின்று பேசியவர் நாலு நிமிடம் கூட இல்லை என்றார்கள். 2012-இல் வெளிவந்த சின்ன ஆய்வுதான், பெரிதாக்க வேண்டாம். இருந்தாலும் ஒரு ஸ்டூலுக்கு இவ்வளவு சக்தி என்றால் அதன்மேல் பையை வைத்தது என் தப்பு.

பேசாமல் காத்திருப்பதும் அப்படித்தான். நோயாளி பேசத் தொடங்கி 18 நொடியில் டாக்டர் குறுக்கிடுகிறார் என்று 1984-இல் அமெரிக்காவில் பதிவு செய்து பார்த்துச் சொன்னார்கள். டாக்டர்களை மட்டும் சொல்வானேன்? எங்கள் லட்சணம் அதைவிட மோசம். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களிலேயே கண்டுபிடித்தார். மூன்று நொடி காத்திருந்தால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது, எப்போதும் வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பதும் அவர் சொன்னதுதான். பல வருடம் முயன்றும் மூன்றாவது நொடியில் எனக்கு வாய் துறுதுறுக்கும். அந்த டாக்டர் பன்னிரண்டு நொடி இருந்தார்.

இன்னொரு வராந்தாப் பேச்சு உண்டு, இதைவிடக் கொடுமையானது. ராத்திரி இரண்டு மணிக்கு ஐ.சி.யூ. வாசலில் ஒரு இளம் டாக்டர் வந்து, "வென்டிலேட்டர் போடணும், போடலாமா? எல்லாத்தையும் பண்ணணும்ல?" என்று கேட்பார். 'எல்லாத்தையும் பண்ண வேண்டாம்' என்று எந்தப் பெண்டாட்டி சொல்வாள், எந்தப் பிள்ளை சொல்வான்? கேள்வியே அப்படி அமைந்திருக்கிறது. என் தோழி ஒருத்தி அந்த இரண்டு மணிக்குச் சரி என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் நடந்த பத்தொன்பது நாளை இன்றும் மன்னிக்க முடியாமல் இருக்கிறாள். தன்னைத்தான். என் கணவர் மட்டும் எனக்கு அந்த நிலைமை வராமல் பண்ணிவிட்டுப் போனார். ஸ்டூலில் உட்கார்ந்த டாக்டரிடம் பகல் வெளிச்சத்தில், நான் பக்கத்தில் இருக்க, "மெஷின் வேண்டாம், மூச்சுத் திணறாம மட்டும் பார்த்துக்கங்க" என்று அவர் வாயாலேயே சொன்னார். எழுதி வைத்துக்கொண்டார்கள். நான் முடிவெடுக்க வேண்டியிருக்கவில்லை. அவர் எடுத்த முடிவுக்குக் கூட நின்றேன், அவ்வளவுதான்.

எல்லாரிடமும் எல்லாவற்றையும் போட்டு உடைக்கச் சொல்லவில்லை நான். தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. என் கணவரே நாள் கணக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்பதை அவரல்லவா சொல்ல வேண்டும், அவருக்குப் பதில் நான் சொன்னேன். அட்டெண்டர்கள் 'அவர்கிட்ட சொல்லாதீங்க' என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது டாக்டர்கள் எங்களைத் திட்டவும் வேண்டாம், எங்களோடு கூட்டுச் சேரவும் வேண்டாம். "அவரா கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன்மா. வாங்க, உள்ளே போய் அவருக்கு என்ன தெரியணும்னு அவரையே கேட்போம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அன்று ஈரத் தரையில் நின்ற என்னிடம் யாராவது இதைச் சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன், கோபப்பட்டும் இருப்பேன். பின்னாலேயே உள்ளே போயிருப்பேன் என்றும் நினைக்கிறேன்.

அடுத்த வாரம் எனக்கே ஒரு முடிவு வருகிறது. இதயத்தில் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்று சந்தேகம், எக்கோ எடுத்திருக்கிறார்கள். மகன் கூட வருகிறான். டாக்டர் உன்னை வெளியே கூப்பிட்டால் போகாதே, 'இங்கேயே சொல்லுங்க டாக்டர், அம்மா கேட்டுக்குவாங்க' என்று சொல்லிவிடு என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். என்ன கேட்க வேண்டும் என்று நோட்டில் எழுதியும் வைத்திருக்கிறேன். அவருடைய நோட்டுத்தான், பாதிக்கு மேல் தாள் மிச்சம் இருக்கிறது.

"சரிம்மா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க ஒரே ஒரு ஸ்டூல்தான் இருந்தா?" என்று கேட்டான்.

"அவருக்குக் கொடுத்துடு. நீ நின்னுக்கோ" என்றேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்